அரைப்பிறை எங்கே போனது? உமிழ்நீர்ச் சுரப்பியின் நுண்ணமைப்பும் செயலும்

முதலாண்டு மருத்துவ மாணவரின் திசுவியல் ரெக்கார்டு நோட்டில் ஊதாவுக்கும் இளஞ்சிவப்புக்கும்தான் வேலை. ஹிமாடாக்சிலின் சாயத்துக்கு ஊதாப் பென்சில், இயோசினுக்கு இளஞ்சிவப்புப் பென்சில். கீழ்த்தாடைச் சுரப்பியை வரையும் நாளில் மட்டும் கொஞ்சம் அழகுணர்ச்சிக்கும் இடம் கிடைக்கும்: வெளிறிய வட்டமாக ஒரு சளிச்செல் தொகுதி, அதன் ஓரத்தை அணைத்தபடி அடர்ஊதா நிறத்தில் ஓர் அரைப்பிறை. செய்முறைத் தேர்வில் ஸ்லைடைக் காட்டி இது எந்தச் சுரப்பி என்று தேர்வாளர் கேட்கும்போது, பிறையைக் கண்டுகொண்ட மாணவர் பாதி கரையேறிவிடுவார்.

அந்தப் பிறையை 1865இல் விவரித்தவர் ஜூசெப்பே ஜியானூசி என்ற இத்தாலியர். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் லுட்விக்கின் ஆய்வகத்தில் அப்போது அவர் வேலை செய்துகொண்டிருந்தார். அன்று முதல் ஜியானூசியின் பிறை பாடநூல்களை விட்டு இறங்கவில்லை. ஆனால் 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சிலர் எலியின் நாவடிச் சுரப்பியை வழக்கமான ஆல்டிஹைடு கரைசலில் ஊறப்போடாமல், நொடிப்பொழுதில் உறையவைத்து, அந்தக் கடுங்குளிரிலேயே நீரை நீக்கிப் பார்த்தார்கள். பிறையைக் காணோம். பிறையில் இருக்கவேண்டிய சீரஸ் செல்கள், அதாவது புரதம் சுரக்கும் செல்கள், சளிச்செல்களோடு ஒரே வரிசையில் நின்று, சுரப்பு வந்து விழும் அதே உள்வெளியைத் தொட்டுக்கொண்டிருந்தன.

காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. சளிச்செல்லின் மேற்பாதி முழுவதும் மியூசின் என்ற புரதச் சர்க்கரைக் கூட்டுப்பொருள், கால்சியத்தின் துணையோடு இறுகச் சுருங்கிய நிலையில் துகள்களாக அடைந்து கிடக்கிறது. நீர் பட்டால் அது பல மடங்கு ஊதும். பதப்படுத்தும் கரைசல் மெதுவாக ஊடுருவும் நேரத்தில் சளிச்செல் உப்பி, பக்கத்திலுள்ள சீரஸ் செல்லை உள்வெளியிலிருந்து பிதுக்கி வெளியோரத்துக்குத் தள்ளிவிடுகிறது. அப்படித் தள்ளப்பட்ட செல்களைத்தான் 130 ஆண்டுகளுக்கு மேலாகப் பிறை என்று வரைந்து வந்திருக்கிறார்கள்.

இதற்காகப் பிறையைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கத் தேவையில்லை. ஸ்லைடில் பிறை இருக்கத்தான் செய்கிறது. நோய்க்குறியியல் மருத்துவர் நாளை பார்க்கப்போவதும் ஸ்லைடைத்தான். ஆனால் இந்தச் சுரப்பியின் 170 ஆண்டு ஆய்வு வரலாற்றைத் தொடர்ந்து படிப்பவருக்கு ஒன்று புலப்படும். ஸ்லைடை மட்டும் உற்றுப் பார்த்து யாருக்கும் பெரிதாக எதுவும் கிடைத்துவிடவில்லை. ஓய்வில் இருந்த சுரப்பியையும் உழைத்து ஓய்ந்த சுரப்பியையும், கொன்ற திசுவையும் உயிருள்ள திசுவையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்களுக்கே விடை கிடைத்தது.

முதலில் ஸ்லைடில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். பெரிய சுரப்பிகள் மூன்று இணை. காதுக்கு முன்னும் கீழுமாக இருக்கும் பரோடிட், தாடையெலும்பின் உட்புறம் ஒட்டியிருக்கும் கீழ்த்தாடைச் சுரப்பி, நாக்கின் அடியில் வாய்த் தரையில் கிடக்கும் நாவடிச் சுரப்பி. இவை தவிர உதடு, கன்னத்தின் உட்புறம், அண்ணம், நாக்கு எங்கும் 600 முதல் 1000 வரை சிறு சுரப்பிகள் சிதறிக் கிடக்கின்றன. ஈறிலும் கடின அண்ணத்தின் முன்பகுதியிலும் மட்டும் அவை இருப்பதில்லை. எல்லாவற்றுக்கும் அடிப்படைத் திட்டம் ஒன்றே: நுனியில் செல்கள் சேர்ந்த அசினஸ், அதிலிருந்து புறப்பட்டுக் கிளைகளோடு சேர்ந்து பெருகும் நாளங்கள். காம்போடு கூடிய திராட்சைக் குலையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் இந்த அமைப்பு மனதில் நின்றுவிடும்.

அசினஸில் இருவகைச் செல்கள். சீரஸ் செல் புரதம் செய்யும் செல். உட்கரு உருண்டையாகக் கீழ்ப்பாதியில் இருக்கும். அதைச் சுற்றி ரைபோசோம் பதித்த எண்டோபிளாசவலை செறிந்திருப்பதால் அந்த இடம் ஊதா ஏறும். மேற்பாதியில் அமைலேஸ் முதலிய புரதங்கள் நிரம்பிய துகள்கள் இளஞ்சிவப்பாகத் தெரியும். சளிச்செல்லில் வழக்கமான சாயம் பிடிப்பதே இல்லை. மியூசினில் சர்க்கரைச் சங்கிலிகளே மிகுதி. போதாததற்குப் பதப்படுத்தும்போது அதில் ஒரு பங்கு கரைந்தும் போய்விடுகிறது. எஞ்சுவது நுரை போன்ற வெளிறிய வெளியும், அடியில் நசுங்கித் தட்டையாய்க் கிடக்கும் உட்கருவும். சர்க்கரையைப் பிடிக்கும் பாஸ் சாயம் போட்டால் அதே செல் ஆழ்ந்த மெஜந்தா நிறத்தில் ஒளிரும். ஹிமாடாக்சிலின்–இயோசின் படத்தில் வெறுமையாகத் தெரிவது உண்மையில் அந்தச் செல்லிலேயே மிக நெரிசலான இடம்.

வயதுவந்தவரின் பரோடிட் ஏறக்குறைய முழுக்கச் சீரஸ். கீழ்த்தாடைச் சுரப்பி கலப்பு, சீரஸ் அதிகம். நாவடிச் சுரப்பியும் கலப்பு, அங்கே சளிச்செல் அதிகம். அண்ணத்துச் சிறு சுரப்பிகள் முழுக்கச் சளி. நாக்கின் பின்புறச் சுவைமொட்டுப் பள்ளங்களை அலசும் ஃபான் எப்னர் சுரப்பிகள் முழுக்கச் சீரஸ். பரோடிட்டை அடையாளம் காண இன்னொரு வழி, அதன் செல்களுக்கு இடையே வெள்ளை ஓட்டைகளாகத் தெரியும் கொழுப்புச் செல்கள். வயது ஏற ஏற அவை பெருகும். கருவில் உறை சூழத் தாமதமாவதால் பரோடிட்டுக்குள் நிணநீர் முடிச்சுகளும் மாட்டிக்கொள்கின்றன. வார்த்தின் கட்டி என்ற சுரப்பிக் கட்டி ஏறத்தாழ பரோடிட்டில் மட்டும் தோன்றுவதற்கு அதையே பலரும் காரணமாகச் சொல்கிறார்கள்.

இந்தச் சுரப்பிகளின் நாளங்கள் நுண்ணோக்கிக்கு முந்தியே தெரிந்தவை. கீழ்த்தாடைச் சுரப்பியின் நாளத்தை லண்டனைச் சேர்ந்த தாமஸ் வார்ட்டன் 1656இல் விவரித்தார். 1660இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு செம்மறியாட்டின் தலையை அறுத்துக்கொண்டிருந்த நீல்ஸ் ஸ்டென்சன் என்ற டேனிஷ் மாணவர் பரோடிட்டின் நாளத்தைக் கண்டார். அவர் தங்கியிருந்த வீட்டுக்காரரும் ஆசிரியருமான பிளாசியஸ், அது தன் கண்டுபிடிப்பு என்று உரிமை கோர, பெரிய சண்டையே நடந்தது. நாளம் இன்று மாணவரின் பெயரில்தான் இருக்கிறது.

நாளம் கிடைத்தாயிற்று, நீர் எங்கிருந்து வருகிறது? இரத்தம் அழுத்தத்தோடு சுரப்பிக்குள் பாய்கிறது, அதிலிருந்து நீர் வடிகிறது என்பதே நெடுநாள் விடை. சிறுநீரகத்துக்கு ஓரளவு பொருந்தக்கூடிய இந்த எண்ணத்தை உமிழ்நீர்ச் சுரப்பியில் உடைத்தவர் லுட்விக். அப்போது சூரிக்கில் இருந்த அவர், 1851இல் வெளியிட்ட சோதனைகளில் நாயின் கீழ்த்தாடைச் சுரப்பி நரம்பைத் தூண்டிவிட்டு, நாளத்தில் ஓர் அழுத்தமானியையும் கழுத்துத் தமனியில் இன்னொன்றையும் பொருத்தினார். நாளத்தின் அழுத்தம் தமனியின் அழுத்தத்தைத் தாண்டி ஏறியது. வடிகட்டலாக இருந்தால் இது நடக்கவே முடியாது. அறுத்தெடுத்த தலையிலும் நரம்பைத் தூண்டினால் சற்று நேரம் உமிழ்நீர் வந்தது. ஆக, செல்லே நீரைத் தள்ளுகிறது. செல் என்பது வேலை செய்யும் பொருள் என்ற கருத்து உடலியலில் வேரூன்றிய இடங்களுள் இந்த நாய்ச் சுரப்பியும் ஒன்று. லுட்விக்கின் பெயர் சிறுநீரகத்தோடுதான் இன்று சேர்த்துச் சொல்லப்படுகிறது. என் கணக்கில் அவருடைய உமிழ்நீர்ச் சோதனைதான் அதைவிடத் தெளிவானது.

அடுத்த அடியைப் பிரெஸ்லாவில் இருந்த ருடால்ஃப் ஹைடன்ஹைன் வைத்தார். 1860களில் அவர் ஓய்வில் இருந்த சுரப்பியையும், நீண்ட நேரம் நரம்பைத் தூண்டி உழைக்கவைத்த சுரப்பியையும் வெட்டிச் சாயமேற்றி ஒப்பிட்டார். உழைத்த செல் சுருங்கியிருந்தது, அதன் சேமிப்பு காலியாகியிருந்தது. ஒப்பிடும் முறை சரி. ஆனால் அவர் எடுத்த முடிவுகளில் ஒன்று தவறிப்போனது: சுரந்தபின் சளிச்செல் அழிந்துவிடுகிறது, பிறையில் இருப்பவை அந்த இடத்தை நிரப்பக் காத்திருக்கும் இளம் செல்கள் என்று அவர் நினைத்தார். பதப்படுத்தலில் பிறந்த ஒரு வடிவத்துக்கு ஒரு வாழ்க்கை வரலாறே எழுதப்பட்டுவிட்டது.

கேம்பிரிட்ஜின் ஜான் லாங்லி 1879இல் வேறு வழியில் போனார். சாயமும் கரைசலும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, உயிருள்ள விலங்கின் பரோடிட்டையே நுண்ணோக்கியில் பார்த்தார். ஓய்வில் செல் முழுக்கத் துகள்கள். சுரப்பு நடக்க நடக்க வெளியோரத்திலிருந்து துகள்கள் குறைந்து, உள்வெளியை ஒட்டிய பட்டையாகச் சுருங்குகின்றன. செல் அழியவில்லை, சரக்கு மட்டும் வெளியேறுகிறது. ரைபோசோமில் பிறந்த புரதம் கோல்கை உறுப்பு வழியாகத் துகளுக்குப் போகும் பாதையை ஜார்ஜ் பலாடே கணையச் செல்லில் வகுத்து 1974இல் நோபல் பெற்றார். அந்தப் பாதையின் கடைசிக் கட்டத்தை லாங்லி ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்கு முன்பே வெறும் ஒளி நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்.

துகள் வெளியேறுவது புரதக் கணக்கு. உமிழ்நீரில் 99 விழுக்காட்டுக்கு மேல் வெறும் நீர். அந்தக் கணக்கு வேறு. இன்று ஏற்கப்பட்டிருக்கும் விளக்கத்தில் முதல் நகர்வு குளோரைடுடையது. நரம்பு முனையிலிருந்து வரும் அசிட்டைல்கோலின் செல்லின் மஸ்கரினிக் ஏற்பியில் அமர்ந்ததும் செல்லுக்குள் கால்சியம் எழும்பும். அந்தக் கால்சியம் மேற்புறச் சவ்விலுள்ள குளோரைடு வாயிலைத் திறந்துவிடும். இந்த வாயில் டிஎம்இஎம்16ஏ என்ற புரதம் என்பது 2008இல்தான் அடையாளம் தெரிந்தது. குளோரைடு உள்வெளிக்குள் ஓட, அதன் எதிர்மின்னை ஈடுகட்டச் சோடியம் செல்களுக்கு இடையிலுள்ள சந்துகள் வழியே பின்தொடர, உப்பைத் தேடி நீர் போகிறது. நீர் போகும் வழிகளில் பெரியது அக்வாபோரின்–5. பீட்டர் ஆக்ரேயின் ஆய்வகம் அதை 1995இல் எலியின் கீழ்த்தாடைச் சுரப்பியிலிருந்தே பிரித்தெடுத்தது. அந்த ஒரு மரபணுவை நீக்கிய சுண்டெலிகளின் உமிழ்நீர் 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததோடு, வந்த கொஞ்சமும் கெட்டியாக இருந்தது. முழு வேகத்தில் இயங்கும்போது ஒரு கிராம் சுரப்பித் திசு நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர் வரை நீர் தரும். உடலின் சுரப்பிகளில் இது மலைக்கவைக்கும் வேகம்.

அசினஸைச் சுற்றி, அடித்தளச் சவ்வுக்கு உட்புறமாக, கிளைவிட்ட கரங்களோடு இன்னொரு வகைச் செல் அணைத்துக்கொண்டிருக்கும். மயோஎபிதீலியச் செல் என்று பெயர். பிறப்பால் மேலணிச் செல், உள்ளே சுருங்கும் இழைகளோ தசையுடையவை. சாதாரண ஸ்லைடில் இதைத் தேடுவது வீண் வேலை. ஆக்டின் இழைக்கான எதிரணுச் சாயம் போட்டால்தான் தெரியும். இது சுருங்கி அசினஸைத் தாங்கிப் பிடிப்பதால் கெட்டியான சுரப்பும் தடையின்றி நாளத்தில் இறங்குகிறது. உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகள் ஏன் இத்தனை விதவிதமான தோற்றம் காட்டுகின்றன என்பதற்குப் பாதி விடையும் இந்த இரட்டைக் குணமுள்ள செல்லிடம்தான்.

பாடநூல்கள் அசினஸுக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கி, நாளத்தை ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன. இது நியாயமற்ற பங்கீடு. கணையத்துக்கும் அசினஸ் உண்டு. உமிழ்நீர்ச் சுரப்பியைக் கணையத்திலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் வரிநாளம்தான். அசினஸை விட்டதும் முதலில் வருவது இடைநாளம்: ஒடுங்கிய குழாய், தாழ்ந்த கனசதுரச் செல்கள். பரோடிட்டில் நீளம், கீழ்த்தாடைச் சுரப்பியில் குட்டை. அதை அடுத்து வரிநாளம். உயர்ந்த செல்கள், நடுவில் உட்கரு, பளிச்சென்ற இளஞ்சிவப்பு, செல்லின் கீழ்ப்பாதியில் செங்குத்தான மெல்லிய கோடுகள். எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபின் கோடுகளின் பொருள் புரிந்தது. செல்லின் அடிச்சவ்வு உள்நோக்கி மடிந்து மடிந்து போயிருக்கிறது. ஒவ்வொரு மடிப்புக்கு இடையிலும் நீண்ட மைட்டோகாண்ட்ரியாக்கள் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கின்றன. சவ்வின் பரப்பு பெருகியிருக்கிறது, அதற்கு வேண்டிய ஆற்றலும் பக்கத்திலேயே. இப்படி ஓர் அமைப்பைச் சிறுநீரக நுண்குழலில் பார்த்தவர் உடனே உப்பைக் கடத்தும் வேலை என்று சொல்லிவிடுவார்.

அந்த வேலையைச் சோதனையில் காட்டியது 1954இல் வெளிவந்த தைசன், தோர்ன், ஷ்வார்ட்ஸ் ஆகியோரின் ஆய்வு. மனிதப் பரோடிட் உமிழ்நீரை வெவ்வேறு ஓட்ட வேகங்களில் சேகரித்து உப்பை அளந்தார்கள். ஓட்டம் மெதுவாக இருக்கும்போது சோடியம் மிகக் குறைவு, வேகம் கூடக் கூடச் சோடியமும் ஏறியது. அசினஸ் முதலில் இரத்தநீருக்கு நிகரான உப்புச் செறிவில் ஒரு நீரைத் தருகிறது, அது நாளத்தில் இறங்கும்போது சோடியம் திரும்ப உறிஞ்சப்படுகிறது, வேகமாக ஓடினால் உறிஞ்ச நேரம் போதுவதில்லை என்பதே அவர்கள் கண்ட விளக்கம். 1960களின் நடுவில் எலியின் சுரப்பி நாளத்துக்குள் மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செருகி அந்த முதல் நீரையே உறிஞ்சி அளந்தவர்கள், விளக்கம் சரி என்று உறுதி செய்தார்கள். இரத்தநீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல் சோடியம். ஓய்வு நிலை உமிழ்நீரில் அது பெரும்பாலும் 10க்கும் கீழே. பொட்டாசியம் நேர்மாறு: இரத்தத்தில் 4, உமிழ்நீரில் 20 அளவில். வரிநாளத்தின் செல்கள் நீரை விடுவதில்லை. ஆகவே உப்பு மட்டும் போய், நீர்த்த கரைசல் வாய்க்கு வருகிறது. அல்டோஸ்டிரோன் ஹார்மோன் இங்கேயும் சிறுநீரகத்தில் போலவே சோடியத்தை மிச்சப்படுத்தும்.

வாயில் எப்போதும் இரத்த அளவுக்கு உப்புநீர் ஊறிக்கொண்டிருந்தால் குழம்பில் உப்பு குறைந்ததும் நமக்குத் தெரியாது, கூடியதும் தெரியாது. ரசத்துக்கு ஒரு சிட்டிகை உப்புப் போதவில்லை என்று நாக்கு சொல்லும்போது, வரிநாளம் ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறது என்று பொருள். நாவடிச் சுரப்பியிலும் சிறு சுரப்பிகளிலும் வரிநாளம் மிகக் குறைவு. அவற்றின் சுரப்பில் சோடியம் கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை.

இனி நரம்பு. பள்ளிப் பாடம் முதல் கேட்டுவரும் ஒரு வாய்பாடு உண்டு: பாராசிம்பதெடிக் உமிழ்நீரைக் கூட்டும், சிம்பதெடிக் குறைக்கும்; மேடையேறும்போது வாய் உலர்வதற்குக் காரணம் சிம்பதெடிக். இந்த வாய்பாடு இந்தச் சுரப்பிக்குப் பொருந்தாது. இரண்டு நரம்புமே சுரப்பைத் தூண்டுகின்றன. பாராசிம்பதெடிக் தூண்டலில் நீர் நிறைய வருகிறது. சிம்பதெடிக்கின் நோர்அட்ரினலின், பீட்டா ஏற்பி வழியாக, துகள்களை வெளியேற்றிப் புரதம் செறிந்த சுரப்பைத் தருகிறது. சாப்பிடும்போது இரண்டும் சேர்ந்தே இயங்குகின்றன. பயத்தில் வாய் உலர்வது, மூளையின் மேல்மையங்கள் மூளைத்தண்டின் உமிழ்நீர் மையங்களை அடக்கிவிடுவதால், அதாவது பாராசிம்பதெடிக் கட்டளை நின்றுவிடுவதால். நரம்பு, சுரக்கச் சொல்லும் கட்டளை மட்டுமன்று, சுரப்பியைப் பேணும் ஏற்பாடும்கூட. விலங்குகளில் பாராசிம்பதெடிக் நரம்பை வெட்டிவிட்டால் சுரப்பி சில வாரங்களில் மெலிந்துவிடுகிறது.

இந்த மஸ்கரினிக் ஏற்பியின் இரு பக்கத்தையும் நம் ஊர்க்காரர்கள் நன்றாக அறிவார்கள். பாக்கிலுள்ள அரிகோலின் அதைத் தூண்டுகிறது. தாம்பூலம் போட்டதும் வாய் ஊறுவதில் மெல்லுவதற்கும் சுவைக்கும் உள்ள பங்கோடு அரிகோலினுக்கும் பங்கு உண்டு. ஊமத்தையிலுள்ள அட்ரோபினும் அதன் இனச் சேர்மங்களும் அதே ஏற்பியை அடைக்கின்றன. ஊமத்தங்காய் தின்று மருத்துவமனைக்கு வருபவரின் வாய் காய்ந்து கிடப்பது முதல் அடையாளங்களுள் ஒன்று. உலர்வாய்க்குத் தரப்படும் பைலோகார்பின் மாத்திரை, தென்னமெரிக்கச் செடி ஒன்றிலிருந்து வந்தாலும், பாக்கின் பக்கத்தைச் சேர்ந்தது. ஊமத்தையின் பக்கத்தைச் சேர்ந்த மருந்துகள் வீட்டு மருந்துப்பெட்டியில் ஏராளம்: அமிட்ரிப்டிலின், சிறுநீர்ப்பை மருந்தான ஆக்சிபியூட்டினின், பழைய ஒவ்வாமை மாத்திரைகள். முதியவர்களின் வாய் உலர்வதற்கு வயதைக் குறை சொல்வது வழக்கம். வயதோடு அசினஸ் திசு கணிசமாகக் குறைந்து கொழுப்பும் நாரும் அந்த இடத்தைப் பிடிப்பது ஸ்லைடில் தெரியும் உண்மைதான். ஆனால் உடல்நலமுள்ள முதியவர்களின் பரோடிட், தூண்டினால் இளையவர்களைப் போலவே சுரக்கிறது. கையிருப்புத் திசு அவ்வளவு இருக்கிறது. பல நேரம் பழி வயதின் மீது விழுகிறது, காரணம் மருந்துச் சீட்டில் இருக்கிறது.

நரம்பு வழிமாறி முளைப்பதும் உண்டு. பரோடிட் அறுவைக்குப் பின் சிலருக்குச் சாப்பிடும்போது கன்னம் சிவந்து வியர்க்கும். வெட்டுப்பட்ட உமிழ்நீர் நரம்பிழைகள் வளர்ந்து தோலின் வியர்வைச் சுரப்பியில் போய்ச் சேர்வதால் இது நடக்கிறது. வியர்வைச் சுரப்பியும் அசிட்டைல்கோலினுக்கே பணிவதால் இணைப்பு வேலை செய்துவிடுகிறது. 1923இல் இதை விளக்கமாக எழுதிய போலந்து நரம்பியலாளர் லூசியா ஃபிரே, நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் 1942இல் லுவூவ் நகரில் உயிரிழந்தார்.

உமிழ்நீரின் புரதங்களை வரிசைப்படுத்தினால் கட்டுரை பட்டியலாகிவிடும். மாவுப்பொருளை உடைக்கும் அமைலேஸ் எல்லோரும் அறிந்தது. அதன் மரபணு நகல்கள் மாவுணவு அதிகம் உண்டுவந்த மக்களிடம் சராசரியாகக் கூடுதல் என்று 2007இல் ஓர் ஆய்வு காட்டியது. ஸ்டாதெரின் என்ற சிறு புரதம் கால்சியம் பாஸ்பேட் படியாமல் தடுத்து, பல்லின் எனாமலைச் சுற்றி எப்போதும் கால்சியம் நிறைந்த நீர் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறது. ஹிஸ்டாட்டின்கள் காளானை அடக்கும். இவற்றைவிட எனக்கு வியப்பளிப்பது இம்யூனோகுளோபுலின் ஏ. இதைச் சுரப்பிச் செல் செய்வதில்லை. அசினஸுக்கும் நாளத்துக்கும் இடையிலுள்ள இணைப்புத் திசுவில் குடியிருக்கும் பிளாஸ்மா செல்கள் இரட்டையாகக் கோத்து அனுப்ப, சுரப்பிச் செல் அதைத் தன் அடிப்புறத்தில் ஓர் ஏற்பியால் பிடித்து, தன் உடல் வழியே கடத்தி, ஏற்பியின் ஒரு துண்டோடு சேர்த்து வாய்க்குள் விடுகிறது. ஸ்லைடில் ஓரமாகத் தெரியும் பிளாஸ்மா செல்களை மாணவர்கள் வரையாமல் விட்டுவிடுவார்கள். வாயின் நோயெதிர்ப்பில் பெரும்பங்கு அங்கேதான் தயாராகிறது.

சுண்டெலி ஸ்லைடை வைத்து மனிதனைப் பேசுகிறவர்கள் கவனிக்கவேண்டிய ஒரு வேறுபாடும் உண்டு. சுண்டெலி, எலி ஆகியவற்றின் கீழ்த்தாடைச் சுரப்பியில் இடைநாளத்துக்கும் வரிநாளத்துக்கும் நடுவே துகள் நிறைந்த சுருண்ட நாளம் ஒன்று இருக்கிறது. மனிதனுக்கு இல்லை. ஆண் சுண்டெலியில் அது பெரிது, பெண்ணில் சிறிது. 1950களில் நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தேடிய ஸ்டான்லி கோஹன், பாம்பின் நஞ்சில் அது மிகுந்திருப்பதைக் கண்டார். நஞ்சுப்பை உருமாறிய உமிழ்நீர்ச் சுரப்பிதானே என்று எண்ணி, ஆண் சுண்டெலியின் கீழ்த்தாடைச் சுரப்பியைச் சோதித்தார். அங்கே அது கொட்டிக்கிடந்தது. அதே சாற்றைப் பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்குச் செலுத்தியபோது அவை காலத்துக்கு முன்பே கண் திறந்தன. அந்த விளைவைத் துரத்திப் போனதில் மேல்தோல் வளர்ச்சிக் காரணி கிடைத்தது. 1986இன் நோபல் அவருக்கும் ரீட்டா லெவி–மொண்டால்சினிக்கும் சேர்ந்து கிடைத்தது.

நோய்களில் பொன்னுக்கு வீங்கியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நாளச் செல்களில் வைரஸ் பெருகி, இணைப்புத் திசு வீங்கி, பரோடிட்டின் இறுக்கமான உறை இடம்தராததால் வலி பிடுங்குகிறது. உமிழ்நீர்க் கல் பெரும்பாலும் கீழ்த்தாடைச் சுரப்பியில் வருகிறது. கெட்டியான சுரப்பு, கூடுதல் கால்சியம், மேல்நோக்கி ஏறும் நீண்ட நாளம் என மூன்றுமே அதற்குத் துணை. நின்று பேசவேண்டியது ஷோகிரன் நோய். சுவீடனின் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் 1933இல் முழுமையாக விவரித்த இந்தத் தன்னெதிர்ப்பு நோயில் கண்ணும் வாயும் வறளும். பரோடிட்டை வெட்டிப் பார்த்தால் முகநரம்புக்கு ஆபத்து. கீழுதட்டின் உட்புறச் சிறு சுரப்பிகள் சிலவற்றை எடுத்துப் பார்த்தாலே போதும் என்று 1960களின் இறுதியில் தெளிவானது. நாளத்தைச் சுற்றி 50க்கு மேற்பட்ட லிம்போசைட்டுகள் கூடியிருந்தால் ஒரு குவியம். 4 சதுர மில்லிமீட்டரில் ஒன்றோ அதற்கு மேலோ இருந்தால் நோய்க்கு ஆதாரம். ஆனால் இங்கேயும் ஸ்லைடும் செயலும் ஒத்துப்போவதில்லை. அசினஸ்கள் பெரும்பாலும் நலமாகத் தெரியும் நோயாளிக்கு வாய் முற்றாக வறண்டிருப்பதுண்டு. ஏற்பிக்கு எதிரான எதிரணுக்கள், இடம் மாறிய அக்வாபோரின்–5, சைட்டோகைன்கள் என்று பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. எதுவும் தனியாக முழுக் கணக்கையும் தீர்க்கவில்லை.

கதிர்வீச்சும் இதே வகைப் புதிர். வாய், தொண்டைப் புற்றுநோய் மிகுந்த நம் நாட்டில் இது ஏட்டளவுக் கேள்வியன்று. வேகமாகப் பிரியும் செல்லைத்தான் கதிர் கொல்லும் என்பது பொது விதி. சீரஸ் செல் மிக மெதுவாகப் பிரிவது. ஆனாலும் சிகிச்சையின் முதல் வாரத்திலேயே உமிழ்நீர் சரிகிறது. பரோடிட்டுக்குச் சராசரியாக 26 கிரே அளவுக்கு மேல் கதிர் பட்டால் மீட்சி அரிது. கதிரின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றி பரோடிட்டைத் தவிர்க்கும் ஐஎம்ஆர்டி முறையில் என்ன பலன் என்று பிரிட்டனில் நடந்த பார்ஸ்போர்ட் ஆய்வு 2011இல் காட்டியது: ஓராண்டுக்குப் பின் குறிப்பிடத்தக்க வாய்வறட்சி பழைய முறையில் 74 விழுக்காட்டினருக்கு, புதிய முறையில் 38 விழுக்காட்டினருக்கு.

கதிர் மருத்துவம் இந்தத் துறைக்கு எதிர்பாராத ஒரு சர்ச்சையையும் தந்தது. 2020இல் நெதர்லாந்து மருத்துவர்கள், புராஸ்டேட் புற்றுநோய்க்கான பிஎஸ்எம்ஏ ஸ்கேன் எடுத்த 100 பேரின் படங்களில், மூக்குத்தொண்டையின் பக்கச் சுவரில் இருபுறமும் ஒளிரும் இடங்களைக் கண்டார்கள். சடலங்களில் வெட்டிப் பார்த்தபோது அங்கே சளி அசினஸ்கள் இருந்தன. புதிய உமிழ்நீர்ச் சுரப்பி என்று உலகெங்கும் செய்தி பறந்தது. அந்த இடத்தில் சிறு சுரப்பிகள் இருப்பது ஏற்கெனவே தெரிந்ததுதானே, அமைலேஸ் இல்லாத இதை எப்படி உமிழ்நீர்ச் சுரப்பி என்பது என்று உடற்கூற்றியலாளர்கள் எதிர்த்தார்கள். என் சார்பு அவர்கள் பக்கம். ஆனால் கதிர் பாய்ச்சும்போது அந்த இடத்தையும் தவிர்க்கலாமே என்ற நெதர்லாந்துக்காரர்களின் யோசனைக்கு, பெயர் எதுவானாலும் மதிப்பு உண்டு.

இப்போது ஆய்வாளர்கள் முட்டிக்கொண்டிருப்பது, இழந்த அசினஸ் எங்கிருந்து திரும்ப வரும் என்ற கேள்வியில். எலியின் நாளத்தைக் கட்டிவிட்டால் அசினஸ்கள் மெலிந்து, நாளம் மட்டும் எஞ்சும். கட்டை அவிழ்த்தால் அசினஸ்கள் மீண்டும் வளரும். ஆகவே நாளத்தில் மூலச் செல்கள் உண்டு என்பது பழைய நம்பிக்கை. நெதர்லாந்தின் குரோனிங்கன் குழு பரோடிட்டின் பெருநாளங்களை ஒட்டிய பகுதியில் அவை செறிந்திருப்பதாக 2015இல் காட்டி, அந்த இடத்தை மட்டுமாவது கதிரிலிருந்து காப்பாற்றச் சொன்னது. பின்னர் நோயாளிகளிடம் நடத்திய சோதனையில் பரோடிட் சுரப்பின் அளவில் எதிர்பார்த்த வேறுபாடு கிடைக்கவில்லை. அதே 2015இல் அமெரிக்காவின் ஓவிட் குழு, சுண்டெலியின் அசினஸ் செல்களுக்கு மரபணு அடையாளமிட்டு மாதக்கணக்கில் பின்தொடர்ந்தது. நலமான சுரப்பியில் புதிய அசினஸ் செல் பிறப்பது நாளத்திலிருந்து அல்ல, பக்கத்தில் நிற்கும் அசினஸ் செல்லே இரண்டாகப் பிரிந்துதான் என்றது அதன் முடிவு. கடுமையாகச் சிதைந்த சுரப்பியிலும் அதே வழிதானா, அப்போது மட்டும் நாளச் செல்கள் வேடம் மாறுகின்றனவா என்பதில் இரு தரப்பும் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கின்றன. அடையாளமிட்ட செல்லின் நிறத்தைப் படத்தில் எப்படி வாசிப்பது என்பதிலேயே அவர்களுக்குள் உடன்பாடு இல்லை.